கெரானில் உள்ள பெயர்

1941-இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஆர்.எச். நாதன் என்ற பெயர் தெரிந்திருக்கும். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். அந்த ஆண்டு மே மாதம் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். தொழிலாளர்கள் கொதித்தார்கள். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, துருப்புகள் இறங்கின, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலை இன்றைக்கு வாசித்தாலும் அதிகம் விளக்கம் தேவைப்படாது. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவம். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்கார துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலிக்கும் கல்விக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் தினமும் நடந்த விஷயம் அது. பெரட்டுக்குப் போகும்போதும், கடைக்குப் போகும்போதும், மனைவி பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகும்போதும், தொப்பி போட்ட ஒருவர் எதிரே வந்தால் இறங்க வேண்டும். சைக்கிள் அவனுடைய சொந்தக் காசில் வாங்கியது. இருந்தாலும் தோட்டத்துச் சாலையில் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உரிமை அவனுக்கு இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு மோட்டர். நம்மூர்ல மோட்டர்னா மோட்டார் சைக்கிள்தானே. கிள்ளானில் ஒரு தாமான் வீட்டின் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குக் கீழே பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஒரு ஹோண்டா சி70 நிற்கிறது. பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவரின் வண்டி. அவர் காலமாகிவிட்டார். மகன் விற்க நினைக்கிறார், 2,500 வெள்ளி கேட்கிறார். நான் பொறியாளன், வாங்கலாமா வேண்டாமா என்பதை ஒரு பட்டியல் போட்டு முடிவுசெய்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். பட்டியலில் பாதிக்குமேல் இயந்திரத்தோடு சம்பந்தமில்லாததாகிவிட்டது.

சைக்கிளிலிருந்து கப்சாய்க்கு

போர் முடிந்த மலாயாவில் மோட்டார் சைக்கிள் என்றாலே பெரும்பாலும் பிரிட்டிஷ் வண்டிதான். பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப், மேட்ச்லெஸ். கனமான வண்டிகள். உதைத்துக் கிளப்பவே தனித் தெம்பு வேண்டும். தோட்டத்தில் அப்படியொன்றை வைத்துக் கட்டுப்படியாகக் கூடியவர்கள் மேலே இருந்தவர்கள்தான். லயத்துக்கு வந்தது சைக்கிள்.

1958 ஆகஸ்டில் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற வண்டியை வெளியிட்டது. 49 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். இன்ஜினை உருவாக்கியவர் சோய்ச்சிரோ ஹோண்டா. இன்ன மாதிரி வண்டி வேண்டும் என்று கேட்டவர் நிறுவனத்தின் விற்பனையைக் கவனித்த தக்கேயோ புஜிசாவா. சாப்பாட்டுக்கடைப் பையன் ஒரு கையில் நூடல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டே ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அதனால் இடது கையில் கிளட்ச் பிடி கிடையாது. இன்ஜின் வேகம் கூடும்போது உள்ளே இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுக் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். கியர் மாற்றும்போது கால் மிதி அதை விடுவிக்கும். கால் மறைப்பு பிளாஸ்டிக்கில். சங்கிலி முழுக்க மூடிய பெட்டிக்குள். செம்மண் சாலையில் சகதி அடித்தாலும் சங்கிலிக்குப் போகாது. ஜப்பானிய நகரத் தெருவுக்காகச் செய்த வண்டி நம் தோட்டத்து மண்ரோட்டுக்கு இவ்வளவு பொருந்தியதற்கு இந்த அமைப்புதான் காரணம்.

இங்கே அதைக் கொண்டுவந்தவர் பினாங்கு லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறு வயதில் வந்தவர். பேருந்து கழுவி, மெக்கானிக் வேலை கற்று, பேருந்து நிறுவன முதலாளி ஆனவர். 1950களின் இறுதியில் ஹோண்டாவை விற்கும் உரிமையைப் பெற்றார். நம் தாத்தாக்கள் பலருக்கு அந்தக் கம்பெனியின் முழுப்பெயரே 'பூன் சியூ ஹோண்டா'தான். 'கப்' என்ற பெயரோடு சின்னது, குட்டி என்ற பொருளில் சீனர் சேர்க்கும் 'சாய்' ஒட்டிக்கொண்டு 'கப்சாய்' ஆனது. ஆங்கிலச் சொல், ஜப்பான் வண்டி, சீன விகுதி, மலாய்ப் புழக்கம். பிறகு அந்த வகையில் எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் அது கப்சாய்.

சி70 அந்தக் குடும்பத்தில் அடுத்த தலைமுறை. சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் தூரம் 41.4 மில்லிமீட்டர், மொத்தம் 72 சிசி. மூன்று கியர், 6 வோல்ட் மின்சாரம். பெரிய வேகமெல்லாம் கிடையாது. ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு வேகமா முக்கியம்? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். ராத்திரி யாருக்காவது முடியாமல் போனால் டிரெஸ்ஸரைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோட்டத்து மளிகைக்கடையில் கணக்கு எழுதிக் கடனிலேயே வாழாமல் சந்தைக்குப் போய் வாங்க வேண்டும். வேறு வேலை கிடைத்தால் தினமும் போய்வர வேண்டும். இந்த நாலுக்கும் பேருந்து வரும் பெரிய சாலைவரை நடந்தாக வேண்டும் என்ற நிலையை அந்த 72 சிசி மாற்றியது.

மொத்தக் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. தவணைதான். 1967-இல் வந்த வாடகைக் கொள்முதல் சட்டம் தவணை வியாபாரத்துக்கு ஒரு விதிமுறையைக் கொடுத்தது. மாதாமாதம் கட்டி முடிக்கும்வரை வண்டிமேல் நிதி நிறுவனத்துக்கு உரிமை. கட்டி முடித்தால் வண்டி முழுக்க நம்முடையது.

இதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்று இருக்கிறது. லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். மாடு மேய்ந்த நிலம் தோட்டத்துடையது. கோயில் நின்ற நிலமும் பெரும்பாலும் தோட்டத்துடையதுதான். அப்படி வாழ்ந்த ஒருவருக்கு, அரசாங்கம் முத்திரை போட்டு 'இது இவருடையது' என்று எழுதிக்கொடுத்த முதல் காகிதம் பல வீடுகளில் மோட்டருடைய பதிவுப் புத்தகமாகத்தான் இருந்திருக்கும். நாம் கெரான் என்று சொல்கிறோமே, அது.

தோட்டம் போன பிறகு

ஷா ஆலம் நகரம் 1963-இல் சுங்கை ரெங்கம் தோட்டத்து நிலத்தில் உருவாகத் தொடங்கியது. சுபாங் ஜெயா இருக்குமிடம் சீபீல்ட் தோட்டம். 1990களில் புத்ராஜெயாவுக்காகப் பெராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கிலுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் வரைபடத்தில் இன்று தாமான், சுங்கச்சாவடி, பேரங்காடி என்று இருக்கும் பல இடங்களின் அடியில் ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் அடுக்குமாடிக்கும் புறம்போக்குக் கம்பத்துக்கும் போனார்கள். வேலை தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் மாறியது. மோட்டரும் கூடவே வந்தது. ரப்பர் மரத்துக்கு ஓடிய வண்டி ஃபெடரல் ஹைவேயில் ஓடியது.

அந்தச் சாலைக்கும் இதில் பங்கு உண்டு. கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் ஃபெடரல் ஹைவேயின் ஓரத்தில் 1970களில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனிப்பாதை போட்டார்கள். உலகிலேயே இப்படிப் போடப்பட்ட முதல் பாதை அதுதான் என்று போக்குவரத்து ஆய்வுகளில் குறிப்பிடுவார்கள். காலையில் அந்தப் பாதையில் மழைச்சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் முந்தின தலைமுறையில் பெரட்டுக்கு நின்றவர்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

எண் பலகையையும் இப்படிப் படிக்கலாம். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 வரை சிலாங்கூரின் பகுதி. அன்றுதான் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அதன்பிறகு கோலாலம்பூர் வண்டிகளுக்கு W எழுத்து வந்தது, சிலாங்கூருக்கு B தொடர்ந்தது. நான் பார்த்த சி70-இன் பலகை B-யில் தொடங்குகிறது. கையால் வெள்ளை பெயிண்டில் எழுதிய எண். அதை எழுதியவருக்கு 8 போடத் தெரிந்த அளவுக்கு 3 போட வரவில்லை. இரண்டும் ஒரேமாதிரி இருக்கின்றன.

போமன் பார்த்தது

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். சென்டுல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போதும் தெரிந்தவர்களின் வண்டிக்குப் போமன் வேலை பார்த்துக்கொடுப்பார். சென்டுல் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பும் பல தலைமுறைத் தமிழ் ஃபிட்டர்களை உருவாக்கின. கையில் கருவி இருந்தால் எதையும் பிரித்துப் போட்டுவிடலாம் என்ற தைரியம் அவர்களுக்கு அங்கே வந்ததுதான். அவரைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

அவர் இன்ஜின் பக்கம் போகவே இல்லை. ஒரு சின்னக் காந்தத்தைப் பையிலிருந்து எடுத்து, வண்டியின் முதுகெலும்பு முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தார். சி70-க்குக் குழாய்ச் சட்டகம் கிடையாது. அழுத்தி வளைத்த இரும்புத் தகடுகளை ஒட்டவைத்த உடம்பு. உள்ளே வெற்றிடம். தண்ணீர் உள்ளே தங்கினால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் அழகாக இருக்கும். ஓட்டையை மாவு பூசி அடைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பின் ஷாக் மாட்டியிருக்கும் இடம், பின்சக்கரக் கை இணையும் இடம், பேட்டரிப் பெட்டிக்குக் கீழே. இந்த மூன்றும் போயிருந்தால் வண்டியைத் தொடாதே என்றார்.

"இன்ஜினப் பத்தி ஏன் தம்பி கவலப்படுற? பிஸ்டன், ரிங்கு, பேரிங்கு எல்லாம் கடையில தொங்குது. பாடிதான் வண்டி."

பேட்டரிப் பெட்டிக்குக் கீழே ஒரு இடத்தில் காந்தம் நழுவியது. மற்ற இரண்டும் உறுதியாக இருந்தன. பிறகுதான் கிக்கரை உதைக்காமல் கையால் மெதுவாக அழுத்தினார். அசையவில்லை. பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் டீசல் ஊற்றினார். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அழுத்தினார். ஒரு மயிரிழை அசைந்தது. "ஜாமா இருக்கு, சாகல" என்றார்.

இன்ஜினைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்று என்னை யோசிக்கவைத்தது. சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கொஞ்சம் கடைந்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடுவார்கள். கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், ஒன்று. எந்த அளவு என்பது பிஸ்டன் தலையிலேயே எண்ணாகக் குத்தியிருக்கும். 47-இல் பிறந்த சிலிண்டர் 48-க்கு வந்துவிட்டால் அதோடு சரி, புது பிளாக் வாங்க வேண்டும். ஆக, தலைமூடியின் நாலு நட்டைக் கழற்றிப் பார்த்தால் இந்த வண்டி எத்தனை முறை தேய்ந்து திரும்ப எழுந்தது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். தோட்டத்தில் ஆவணங்கள் எரிந்திருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம். பிஸ்டன் தலையில் குத்திய எண் அப்படியே இருக்கும்.

எது கடையில் கிடைக்காது

பழைய வண்டி வாங்குவதற்கு எளிமையான ஒரு விதி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. கடையில் கிடைப்பதைக் கடைசியில் பார். கிடைக்காததை முதலில் பார்.

சி70-க்குப் பிஸ்டன் முதல் கால் மறைப்புவரை புதிய பாகங்கள் கிடைக்கின்றன. ஹோண்டா கப் குடும்பம் 2017-இல் 10 கோடி வண்டிகளைத் தாண்டியது. இவ்வளவு விற்ற வண்டிக்குத் தாய்லாந்திலும் சீனாவிலும் பாகங்கள் செய்யாமல் இருப்பார்களா? பத்து வருடம் மழையில் நின்ற வண்டியைக்கூடக் காசு செலவழித்தால் பளபளவென்று ஆக்கிவிடலாம்.

கிடைக்காதது காகிதம். கெரானில் உள்ள இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் வண்டியில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைச் சுரண்டிப் புதிதாகக் குத்தியிருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம். இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அதை ஜேபிஜே பதிவு செய்திருக்க வேண்டும். பல ஆண்டு சாலை வரி கட்டாத வண்டி என்றால் அவர்கள் கணினியில் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ வாரிசுகள் உரிமை பெற்ற பிறகுதான் பெயர் மாற்ற முடியும். அண்ணன் தம்பிகளில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு, "எடுத்துட்டுப் போங்க, பிறகு பாத்துக்கலாம்" என்றால் வாங்கக்கூடாது. 'பிறகு' என்பது வராது. சாலையில் ஓட்ட முடியாத, யார் பெயரிலும் இல்லாத இரும்பு ஒன்று நம் வீட்டுப் பின்பக்கம் நிற்கும்.

இந்த வண்டியின் கெரானை மகன் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அப்பாவுடைய அடையாள அட்டை நகல், சொக்சோ கடிதம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு இரண்டு, இவற்றோடு சேர்த்து. உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் தட்டச்சில். முகவரியாக லயத்து வீட்டு எண்ணும் தோட்டத்தின் பெயரும். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. நிதி நிறுவனத்தின் உரிமையைக் குறிக்கும் முத்திரை ஒன்று, அதை ரத்துசெய்த முத்திரை ஒன்று. இரண்டுக்கும் நடுவே மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை மாதமும் பால் மரம் வெட்டி, மழை பெய்து வெட்டு நின்ற மாதத்திலும் எப்படியோ கட்டியிருக்கிறார்கள்.

எண்கள் ஒத்துப்போயின. வாங்கலாம் என்று நான் நினைத்த நேரத்தில் மகன் கேட்டார்:

"பேரு மாத்துனா அப்பா பேரு அதுல இருக்காதுல்ல?"

இருக்காது. பழைய புத்தகத்தில் உரிமையாளர்களின் வரிசை இருந்தது. இப்போதைய உரிமைச் சான்றிதழில் இப்போதைய உரிமையாளர் மட்டும்தான். 2023 முதல் சாலை வரியும் திறன்பேசிக்குள் போய்விட்டது. நிர்வாகத்துக்கு இது வசதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சுத்தமாகப் பெயர் மாற்றினால்தான் வண்டி சாலைக்கு வரும். சுத்தமாகப் பெயர் மாற்றினால் அவருடைய பெயர் போய்விடும். இந்த முடிச்சுக்குப் போமனிடம் கருவி இல்லை.

எவ்வளவு புதுப்பிப்பது

1903-இல் வியன்னாவில் அலோயிஸ் ரீகல் என்ற கலை வரலாற்றாசிரியர் பழைய நினைவுச்சின்னங்களை நாம் ஏன் மதிக்கிறோம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருள் எந்தக் காலத்தைக் காட்டுகிறது என்பதற்காக மதிப்பது ஒன்று. அதன்மேல் காலம் பட்ட தடத்துக்காக மதிப்பது இன்னொன்று. முதலாவதைக் காப்பாற்ற நினைத்தால் செப்பனிட வேண்டும். இரண்டாவதைக் காப்பாற்ற நினைத்தால் கையை வைக்கக்கூடாது. இரண்டும் மோதும் என்பதுதான் ரீகல் கண்டது. 1964-இன் வெனிஸ் சாசனம் கட்டடங்களுக்கு ஒரு வரம்பு போட்டது: ஊகம் தொடங்கும் இடத்தில் செப்பனிடுதல் நின்றுவிட வேண்டும். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு பின்னாளில் டூரின் சாசனம் என்று அதே பாதையில் ஒன்றை ஏற்றுக்கொண்டது.

நம் ஊரில் பழைய மோட்டர் 'ரெஸ்டோர்' என்றால் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். உடம்பைச் சுரண்டி, தொழிற்சாலை நிறத்தைவிட மினுமினுப்பாகப் பெயிண்ட் அடித்து, எல்லா நட்டையும் குரோம் செய்து, கடையிலிருந்து அன்றைக்கு இறக்கியதுபோல நிறுத்துவது. யமஹா ஆர்எக்ஸ்ஸெட்டைப் பாருங்கள். 1980களின் நடுவில் வந்த 133 சிசி டூ ஸ்ட்ரோக். 2011-இல் உற்பத்தி நின்றது. நம் பையன்கள் அதன்மேல் வைத்திருக்கும் காதலுக்கு அளவே கிடையாது. இப்போது பெட்டி பிரிக்காத மாதிரி இருக்கும் ஆர்எக்ஸ்ஸெட்டுக்குக் கேட்கும் விலையில் புது வண்டியே வாங்கிவிடலாம். அங்கே விலை போவது யாரும் ஓட்டாததுபோல் இருப்பதற்கு.

நான் பார்த்த சி70-இன் இடது கால் மறைப்பில் ஒரு கீறல் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுச் செம்புக் கம்பியால் தைத்திருக்கிறார்கள். பின்னிருக்கைக் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டை உருகி இரும்போடு ஒட்டிக்கிடக்கிறது. கைப்பிடிக்குக் கீழே, காய்ந்துபோன சந்தனமா மஞ்சளா என்று தெரியாத ஒரு பொட்டு. பெயிண்ட் கடைக்கு அனுப்பினால் முதல் அரை மணி நேரத்தில் இவையெல்லாம் போய்விடும். வண்டியின் விலை கூடும். கம்பி போட்டுத் தைத்த கை என்னவாகும்?

மறுப்பு

என் நண்பர்களில் ஒருத்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு இரண்டு விஷயம் சொன்னாள். இரண்டையும் தள்ள முடியவில்லை.

முதலாவது: "மோட்டர் ஆம்பளைங்க கதை." தோட்டத்தில் பால் மரம் வெட்டியதில் பெண்கள் பெரும்பங்கு. தவணைக்குப் போன காசில் அவர்கள் கூலியும் இருக்கிறது. பல வீட்டில் பாதிக்குமேல் அவர்கள் கூலிதான் இருந்திருக்கும். ஆனால் கெரானில் கணவன் பெயர். அவர்கள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனார்கள், இல்லையென்றால் லோரியில் போனார்கள், இல்லையென்றால் நடந்தார்கள். 1941 பட்டியலில் பெண்களைப் பற்றிய கோரிக்கையும் சைக்கிள் கோரிக்கையும் ஒன்றாக இருந்தது உண்மை. சைக்கிளில் இருந்து இறங்காமல் போகும் உரிமை கிடைத்தபோது அது யாருக்குக் கிடைத்தது என்று கேட்பதும் சரிதான். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் எழுதும்போது, எழுதப்படாமலே போன ஒரு பெயர் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது: சாவு. இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தலைக்கவசம் 1973-இல் கட்டாயமானது, பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992-இல் வந்தது. அப்படியும் இந்த நிலை. நம் குடும்பங்களில் மோட்டர் எடுத்துக்கொண்டு போன ஒரு மாமாவோ அண்ணனோ திரும்பி வராத வீடு அபூர்வம் கிடையாது. விடுதலை என்று மட்டும் எழுதினால் அது பாதிக் கதை. டிரம் பிரேக்கும், இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் 6 வோல்ட் விளக்கும் உள்ள வண்டியை லோரிகளுக்கு நடுவே ஃபெடரல் ஹைவேயில் இறக்குவது வரலாற்று உணர்வாகாது.

என் கணக்கு

பிரேக், டயர், வயர், விளக்கு: இவற்றில் பழமையைப் பார்க்கப் போவதில்லை. 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தால் மாற்றலாம். பழைய முறை போதாத இடத்தில் புதிய நுட்பத்தை வெனிஸ் சாசனமும் அனுமதிக்கிறது. கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் பெயரெழுதி வைப்பேன். பேட்டரிப் பெட்டிக்குக் கீழே போன தகட்டை வெட்டிப் புதிதாக ஒட்டவைக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கப் போவதில்லை. கால் மறைப்புக்கும் அதன் செம்புத் தையலுக்கும் கை வைக்கப் போவதில்லை. கழுவி, துரு மேலும் பரவாமல் எண்ணெய் பூசினால் போதும். இப்படிச் செய்த வண்டியைத் திரும்ப விற்றால் போட்ட காசு வராது என்று போமன் சொல்லிவிட்டார். லாபத்துக்காக வாங்குபவர் இதை வாங்க வேண்டாம். ஷா ஆலமுக்கு வேலைக்குப் போய்வர வண்டி தேடுபவரும் வேண்டாம். அவர் பிரேக் நன்றாக உள்ள புதிய கப்சாய் ஒன்றை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கெரான் விஷயத்தில் மகனோடு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அவர்கள் நாலு பேர். எல்லாரும் சம்மதித்து முறைப்படி உரிமை பெற்ற பிறகுதான் நான் காசு கொடுப்பேன். எத்தனை மாதம் ஆனாலும் சரி. அதற்குமுன் பழைய புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும், உறையில் இருந்த சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து நல்ல தரத்தில் நகல் எடுத்து ஒரு பிரதி அவர்களிடம், ஒரு பிரதி என்னிடம். வண்டி என் பெயருக்கு வந்தாலும் அந்தப் பிரதி வண்டியோடு இருக்கும். பிறகு நான் யாருக்காவது விற்றால் அவரிடமும் போகும்.

இன்னொன்றும் கேட்டேன். வண்டி வாங்கியபோது தவணை கட்டியது யார், யாருடைய கூலியிலிருந்து என்று. மகனுக்குத் தெரியவில்லை. அவருடைய அம்மா உள்ளேதான் இருந்தார். எண்பது வயதுக்குமேல். கூப்பிட்டுக் கேட்டார்.

"ரெண்டு பேரும்தான் கட்டுனோம். அவரு வெட்டுனது சாப்பாட்டுக்கு, நான் வெட்டுனது மோட்டருக்கு" என்றார். அப்புறம், "கம்பி போட்டுத் தச்சதும் நாந்தான். செவத்துல கொண்டுபோய் இடிச்சிட்டு வந்து நின்னாரு."

நகல் பிரதியின் முதல் பக்கத்தில், கெரானில் உள்ள பெயருக்குக் கீழே, அவர் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.